‘சார்ஜ்’ என்ற சொல்லும் ஒரு கங்காணியின் சாட்சியமும்

உங்களில் பலர் இன்று காலை ஃபோனைச் சார்ஜில் இருந்து கழற்றி, பஸ்ஸில் ஏறி, பஸ் சார்ஜ் கொடுத்து இங்கே வந்திருப்பீர்கள். இன்னும் சில வாரங்களில் ஏதோ ஒரு நீதிமன்றத்தில் யாரோ ஒருவருக்கு சார்ஜ் வாசிக்கப்படும். அதைத் தமிழில் சொல்ல உங்களைக் கூப்பிடுவார்கள். குற்றச்சாட்டு என்று சொல்வீர்கள். சரியான விடைதான். பரீட்சையில் அதற்கு முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும்.

நான் ஓய்வுபெற்றுப் பல காலம் ஆகிவிட்டது. நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்களை முதலியார் என்று அழைத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். அப்போது கொழும்பு நீதிமன்றங்களில் எல்லாமே ஆங்கிலத்தில் நடந்தன. இன்று உங்கள் வேலை பெரும்பாலும் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில்தான். ஆனால் சொல்லப்போகும் விஷயம் எந்த இரண்டு மொழிக்கும் பொருந்தும். சட்டப் பதங்களையும் சத்தியப்பிரமாணம் செய்விக்கும் முறையையும் மற்றவர்கள் உங்களுக்குக் கற்றுத்தருவார்கள். நான் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறேன்.

நான் சேர்ந்த புதிதில், மூத்த உரைபெயர்ப்பாளர் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார். லொறியைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்திவைத்தார் என்பது வழக்கு. நீதவான் வாயிலிருந்து சார்ஜ் என்ற சொல் விழுந்ததும், தமிழில் சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை.

“சார்ஜ் எவ்வளவு எண்டாலும் கட்டிர்றேன் ஐயா. கடயப் பூட்டிட்டு வந்தீக்கிறேன்” என்றார்.

மண்டபம் சிரித்தது. வியாபாரி குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுத நீதவானும் பேனாவை எடுத்துவிட்டார். மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, “இவர் இன்னும் குற்றச்சாட்டைக் கேட்கவில்லை, கட்டணம் என்று நினைக்கிறார்” என்றார். பிறகு விஷயத்தைத் தமிழில் விளக்கினார். வியாபாரி விழித்தார். அந்த லொறியை அவர் முன்பே விற்றுவிட்டிருந்தார்.

இது சிரித்துவிட்டு மறக்கக்கூடிய கதை. நானும் மறந்துதான் போயிருந்தேன். பல வருடங்கள் கழித்து அதே சொல் வேறு முகத்தோடு வந்தது.

அது ஒரு மரண விசாரணை. துறைமுகத்தில் ஒரு கப்பலிலிருந்து கோதுமை மா மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, மூட்டைகளைச் சேர்த்துக் கட்டித் தூக்கும் கயிறு அறுந்து, கீழே கப்பலின் கிடங்கில் நின்ற ஒரு தொழிலாளியின் மேல் சுமை விழுந்துவிட்டது. அந்தக் கயிற்றைத் துறைமுகத்தில் ஸ்லிங் என்பார்கள். இறந்தவர் பெயர் ஸ்டீபன், முகத்துவாரத்துக்காரர். கல்யாணமாகி அதிக காலமாகவில்லை. அந்தத் தொழிலாளர் கூட்டத்தை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்தவர் சவரிமுத்து. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, துறைமுகத்திலேயே தலை நரைத்த மனிதர். ஸ்டீபன் அவருடைய தங்கை ரீட்டாவின் கணவன். மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ஸ்டீபனைத் துறைமுகத்துக்குக் கூட்டிவந்து வேலையில் சேர்த்தவரும் சவரிமுத்துதான்.

விசாரணையில் அவர் எதிரி அல்ல, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல, சாட்சி. ஆனால் அவர் சொல்லும் ஒரு வார்த்தையில் எதிரியாகிவிடக்கூடிய சாட்சி. இந்த வகைச் சாட்சிகளிடம் கவனமாக இருங்கள். தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது.

முதலில் சாட்சி சொன்னவர் சரக்கு இறக்கும் வேலையை எடுத்திருந்த கம்பனியின் மேற்பார்வையாளர். ஆங்கிலத்தில் சொன்னார். கிடங்கின் இன்சார்ஜ் சவரிமுத்து, சுமையைத் தூக்கச் சொல்லிக் கைகாட்டுவது அவர் வேலை, அன்றைக்கும் அவரே கைகாட்டினார். அவ்வளவுதான். கயிற்றைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்தது சவரிமுத்து. வெள்ளைச் சாரமும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கோட்டு யாரோ இரவல் கொடுத்ததாக இருக்கவேண்டும். தோளில் பிடித்துக்கொண்டு நின்றது. பெயர், தொழில் எல்லாம் கேட்டு முடிந்தபின் கம்பனியின் சட்டத்தரணி எழுந்தார். அவரும் தமிழர். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் குடியிருந்தவர். கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். அந்த நேரம் நீர்தானே இன்சார்ஜ்?

அதைத் தமிழில் வேறு எப்படிச் சொல்வது? “அந்த நேரம் நீர்தானே பொறுப்பு?” என்று கேட்டேன்.

சவரிமுத்து சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஓம் ஐயா. நான்தான் பொறுப்பு” என்றார்.

அதை அவர் சொன்ன விதம் கேள்விக்குப் பதில் சொன்ன விதமாக இல்லை. செத்த வீட்டில் ஒரு மனிதர் சொல்லும் குரலாக இருந்தது.

அந்த நாளில் சாட்சியத்தை நீதவான் தம் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதுவார். சாட்சி பேசிய தமிழ் எங்கேயும் பதியப்படாது. நான் சொல்லும் ஆங்கிலம்தான் தாளில் ஏறும். மேல் நீதிமன்றம் போனாலும் அதுதான் போகும். நான் வாயைத் திறந்ததும் சவரிமுத்து பேசிய தமிழ் இல்லாமல் போய்விடும்.

என் முன்னால் இரண்டு ஆங்கில வசனங்கள் நின்றன. ஒன்று, அந்த வேலை என் மேற்பார்வையில் இருந்தது. மற்றது, அந்தச் சாவுக்கு நானே காரணம். முதலாவதைச் சொன்னால் அவர் வீட்டுக்குப் போவார். இரண்டாவதைச் சொன்னால் பொலிசார் அன்றைக்கே அவர்மேல் வழக்குப் போடலாம். இரண்டும் தமிழில் ஒரே வசனம்தான். ஆங்கிலத்திலும் ரெஸ்பொன்சிபிள் என்று இரண்டு பக்கமும் பார்க்கும் ஒரு சொல் உண்டு, ஆனால் தாளில் ஏறினால் அதைப் பழி என்றுதான் படிப்பார்கள்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். முதலாவதைச் சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கேள்வி இன்சார்ஜ் என்று வந்தது, பதிலும் இன்சார்ஜ் என்று போவது இயல்பு.

ஆனால் மனிதர் அதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அல்லது, அதை மட்டும் சொல்லவில்லை. என்ன சொன்னார் என்று நிச்சயமாகவும் தெரியவில்லை.

நான் தாமதிப்பதைக் கண்ட சட்டத்தரணி, “சாட்சி, தானே பொறுப்பாளி என்று ஏற்றுக்கொண்டார். எனக்குத் தமிழ் தெரியும். உரைபெயர்ப்பாளர் அதை மன்றுக்குச் சொல்லலாம்” என்றார். நீதவான் தமிழ் அறியாதவர். அன்றைக்குப் பட்டியலில் வேறு பல வழக்குகளும் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார்.

“முதலியார், என்ன சொன்னார்?”

“கனம் நீதவான் அவர்களே, சாட்சி பயன்படுத்திய சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வேலையை நடத்தும் கடமை ஒன்று. நடந்ததற்கான பழி மற்றது. எது என்று தீர்மானிக்க எனக்கு அதிகாரம் இல்லை. கேள்வியை இரண்டாகப் பிரித்து மறுபடி கேட்க அனுமதி வேண்டும்” என்றேன்.

சட்டத்தரணி உட்காரவில்லை. “உரைபெயர்ப்பாளர் சாட்சிக்கு வழி காட்டுகிறார்” என்றார்.

அது சாதாரணமான குற்றச்சாட்டு அல்ல. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பழி கிடையாது. நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். என்னை உட்காரச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“இந்தக் கேள்வியை நான் கேட்கிறேன்” என்றார் நீதவான். அவரே இரண்டு கேள்விகளாகச் சொன்னார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

“அந்தக் கிடங்கில் வேலையை நடத்துவது உம்முடைய கடமையா?”

“ஓம் ஐயா.”

“ஸ்டீபன் இறந்ததற்கு நீர் காரணமா?”

சவரிமுத்து என்னைத்தான் பார்த்தார். சாட்சிகள் பெரும்பாலும் அப்படித்தான், கேட்பவரை விட்டுவிட்டுத் தங்கள் பாஷை பேசுபவனைப் பார்ப்பார்கள். நீங்கள் அப்போது முகத்தில் எதையும் காட்டக்கூடாது. நான் அவர் கோட்டின் மேல் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அதுக்கும் நான்தான் ஐயா” என்றார். “கயிறு சரியில்லை எண்டு எனக்குத் தெரியும். ஸ்டோர்ஸ்ல போய்ச் சொன்னனான். வேற இல்லை, இந்தக் கப்பலை இதால இறக்கு எண்டு சொல்லிட்டாங்க. நான் வேலையை நிப்பாட்டியிருக்கலாம். நிப்பாட்டேல்லை. கையைக் காட்டினது நான்தான்.”

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நீதவான் எழுதினார். எழுதிக்கொண்டே, “ஸ்டோர்ஸில் யாரிடம் சொன்னீர்?” என்று கேட்டார். சவரிமுத்து பெயரைச் சொன்னார். சட்டத்தரணி இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் உட்கார்ந்தார். அன்று முற்பகல் முடிவதற்குள், கயிற்றைக் கொடுத்த களஞ்சியக்காரரை அடுத்த தவணைக்கு அழைக்கவும், அறுந்த கயிற்றையும் அங்கே இருக்கும் மற்றக் கயிறுகளையும் மன்றுக்குக் கொண்டுவரவும் கட்டளை பிறந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். நான் இரக்கப்பட்டு முதலாவதைச் சொல்லியிருந்தால் நீதவான் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். பயந்து இரண்டாவதைச் சொல்லியிருந்தால் ஒரு கங்காணியின் கவலையீனம் என்று விஷயம் முடிந்திருக்கும். எதைச் சொல்லியிருந்தாலும் கயிறு வெளியே வந்திராது. மற்றக் கிடங்குகளில் அதே கயிறுகள் தூக்கிக்கொண்டே இருந்திருக்கும். நல்ல எண்ணத்தில் செய்யும் மொழிபெயர்ப்பும் சிலவேளை ஒரு வாயை அடைத்துவிடுகிறது.

பின்னேரம் வெள்ளவத்தைக்கு ரயிலில் திரும்பும்போது அந்தச் சட்டத்தரணி என் எதிர் ஆசனத்தில் வந்து உட்கார்ந்தார். பத்திரிகையை விரித்தார். பம்பலப்பிட்டி தாண்டியதும் அதன் மேலாக என்னைப் பார்த்தார்.

“ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம் எடுத்திட்டீர்” என்றார் பிறகு.

“எனக்கு வேற வழி தெரியேல்லை, சேர்.”

“எனக்கும் அந்த மனிசன் என்ன சொன்னது எண்டு விளங்கினது. அதுதான் உம்மைத் தடுக்கப் பார்த்தனான்” என்றார். பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் தன் கட்சிக்காரருக்கு வேலை செய்தார். அதில் தவறில்லை. அதற்குப் பிறகும் நாங்கள் தெருவில் கண்டால் சிரித்துக்கொள்வோம்.

அடுத்த நாள் நீதிமன்ற நூலகத்தில் இருந்த பெரிய அகராதியை எடுத்துப் புரட்டினேன். சார்ஜ் என்ற சொல்லுக்கு அடியில் ஒரு வண்டி நிற்கிறது. லத்தீன் மொழியில் சுமைவண்டிக்குக் காருஸ் என்று ஒரு சொல். அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறிக்கும் சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் சார்ஜ் ஆகியிருக்கிறது. முதலில் பாரம் மட்டும்தான். பிறகு துப்பாக்கியில் மருந்தை ஏற்றினார்கள், அதுவும் சார்ஜ். ஒருவன்மேல் ஒரு வேலையை ஏற்றினார்கள், அவன் இன்சார்ஜ். ஒருவன்மேல் பழியை ஏற்றினார்கள், அதுவும் அதே சொல். விலையையும் ஏற்றினார்கள், மின்சாரத்தையும் ஏற்றினார்கள். ஏற்றியதை இறக்கினால் டிஸ்சார்ஜ். கப்பலும் டிஸ்சார்ஜ் ஆகிறது, ஆஸ்பத்திரி நோயாளியும் ஆகிறார், வழக்கிலிருந்து எதிரியும் ஆகிறார்.

இன்னும் பார்த்தேன். கப்பலில் வரும் கார்கோவும் அந்த வண்டியின் வழித்தோன்றல்தான். நாங்கள் தெருவில் ஓடும் மாட்டுவண்டியைக் கரத்தை என்கிறோமே, அது போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். அதுவும் அதே லத்தீன் வண்டியில் இருந்து வந்தது. துறைமுகத்தில் இறங்கிய மூட்டையும், அதைப் புறக்கோட்டைக்கு இழுத்த கரத்தையும், சவரிமுத்துவிடம் கேட்ட கேள்வியும் ஒரே குடும்பம் என்று அகராதி சொன்னது.

பிறகு தமிழ் அகராதியையும் எடுத்தேன். பொறுப்பு என்ற சொல் பொறு என்பதில் இருந்து வருகிறது. பொறுத்தல் என்றால் பாரம் தாங்குதல். இங்கேயும் முதலில் பாரம்தான். இரண்டு மொழிகளும் ஒன்றை ஒன்று அறியாமலே, வேலைக்கும் பழிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன. கேள்வியில் இருந்த குழப்பம் நான் உண்டாக்கியதும் அல்ல, சவரிமுத்து உண்டாக்கியதும் அல்ல. பேசத் தெரிந்த மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கியது. அது தெரிந்தபின் எனக்குச் சிறிது நிம்மதி வந்தது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அகராதியைப் பார்க்க எனக்கு அடுத்த நாள் கிடைத்தது. கூண்டின் பக்கத்தில் நிற்கும்போது அது கிடைக்காது. அங்கே தெரியவேண்டியது ஒன்றுதான். தெரியாததைத் தெரியாது என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

வழக்கு அதோடு முடியவில்லை. கவலையீனத்தால் மரணம் விளைவித்ததாகச் சவரிமுத்துவின்மேலும் களஞ்சியக்காரரின்மேலும் வழக்குத் தொடரப்பட்டது. நான் கேள்வியைப் பிரிக்கக் கேட்டதால்தான் அவர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார் என்று சொல்வோரும் இருந்தார்கள். அது முழுப் பொய் அல்ல. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வேலையைச் சரியாகச் செய்ததன் விளைவு எல்லோருக்கும் நல்லதாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

வழக்கு விளக்கத்தில் குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா என்று கேட்டபோது சவரிமுத்து வாயைத் திறந்தார். அவருடைய சட்டத்தரணி முந்திக்கொண்டு சுற்றவாளி என்றார். தவணைகள் போயின. மன்றுக்குக் கொண்டுவந்த கயிறுகளை நீதவான் கையாலேயே தடவிப் பார்த்தார். நார் நாராக உரிந்து வந்தன. பழைய கயிறுகள் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதியவை கொடுத்ததாகக் கம்பனி பிறகு மன்றுக்கு அறிவித்தது. கடைசியில் களஞ்சியக்காரருக்குத் தண்டனை கிடைத்தது. சவரிமுத்து கயிற்றைப் பற்றிக் களஞ்சியத்தில் முறையிட்டிருந்தார், அங்கே வேறு கொடுக்க மறுத்தார்கள், வேலையை நிறுத்தியிருந்தால் அவர் கூட்டத்துக்கே அன்றைய வேலை இல்லாமல் போயிருக்கும் என்றெல்லாம் நீதவான் எழுதி, அவரை விடுவித்தார்.

“உம்மை விடுதலை செய்திருக்கு. நீர் போகலாம்” என்று தமிழில் சொன்னேன்.

அவர் போகவில்லை. இன்னும் ஏதோ சொல்வார்கள் என்று நினைத்தவர்போல நின்றார். பொலிஸ்காரர் தோளைத் தொட்டபிறகுதான் இறங்கினார்.

அந்த வழக்குக்கும் அடுத்ததுக்கும் இடையில் நான் தண்ணீர் குடிக்க வெளியே விறாந்தைக்கு வந்தேன். தூணுக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் கறுப்பு உடுப்போடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தவணைக்கும் வந்து வெளியிலேயே இருந்துவிட்டுப் போவாள். உள்ளே வந்து நான் கண்டதில்லை. ரீட்டா. அடக்கம் நடந்த நாளில் இருந்து அண்ணனோடு பேசுவதில்லை என்று துறைமுகத்துச் சாட்சிகள் கதைத்ததைக் கேட்டிருந்தேன்.

என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“ஐயாதானே அண்ணன் கதைச்சதை இங்கிலீசில சொன்னது?”

“ஓம்.”

“ஆள் ஆளுக்கு ஒவ்வொண்டு சொல்றாங்க. தான்தான் சாகடிச்சது எண்டு சொன்னாராம். இல்லை, கம்பனியில பழியைப் போட்டாராம். உண்மையா என்ன சொன்னவர்?”

திறந்த மன்றில் சொன்ன சாட்சியம். இரகசியம் எதுவும் இல்லை. அந்த வசனங்கள் எனக்கு மனப்பாடமாக இருந்தன. சொல்லியிருக்கலாம். ஆனால் கூண்டில் அவர் நின்று சொன்னது ஒரு விதம். இந்த விறாந்தையில் நான் நின்று சொன்னால் அது வேறொரு விதமாகிவிடும்.

“அவர் இப்ப வெளியில வருவார், தங்கச்சி. அவரையே கேளும்.”

“நான் அவரோட கதைக்கிறேல்லை.”

“தெரியும். எண்டாலும் உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாஷைதானே. நடுவில நான் எதுக்கு?”

அவள் கோபப்பட்டாளா என்று தெரியவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

சவரிமுத்து வந்தார். அவளைக் கண்டு நின்றுவிட்டார். படிகள் மறுபக்கம் இருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பினால் அவள் கூப்பிட்டிருப்பாளா என்று என்னால் சொல்ல முடியாது. அவர் திரும்பவில்லை. வாங்குக்கு முன்னால் வந்து நின்றார். அவள் நிமிர்ந்து ஏதோ கேட்டாள், மிகவும் சுருக்கமாக. அவர் இரண்டு கைகளையும் முன்னால் கோர்த்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினார். நீளமான பதிலாக இருந்தது. நடுவில் அவள் தன் பையை எடுத்து மடியில் வைத்து, பக்கத்தில் இடம் விட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்த வழக்குக்குப் போனேன்.